பொறுமை: பிரேக்கா, இடைவெளியா?

பிள்ளை வளர்க்கப் பொறுமை வேண்டும் என்று சொல்லாத ஆளில்லை. அது எங்கே கிடைக்கும், இல்லாதவர் என்ன செய்வது என்று திருப்பிக் கேட்டால்தான் பதில் வராது. “அதெல்லாம் பிறவிக் குணம்” என்பார்கள். “பத்து வரைக்கும் எண்ணு” என்பார்கள். “உங்க அப்பா உன்கிட்ட ஒரு நாள் குரல் உசத்தியிருப்பாரா?” என்று ஒரு ஒப்பீட்டையும் வைத்துவிட்டுப் போவார்கள். கேட்டவருக்குக் குற்ற உணர்ச்சி கூடுமே தவிர, பொறுமை கூடாது.

எனக்கு மட்டும் அதைக் கொஞ்சம் குறைத்து அளந்துவிட்டார்கள் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கோபம் வரும்போது மூளையும் உடலும் எப்படி வேலை செய்கின்றன என்று படிக்க ஆரம்பித்த பிறகுதான், நாம் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியது. இதைப் பற்றி முன்பின் எதுவும் படிக்காதவருக்கும் விளங்கும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

## ஒரே வேர், மூன்று வேலை

“பொறு” என்றால் காத்திரு. “பொறுத்துக்கொள்” என்றால் தாங்கிக்கொள். “பொறுத்துப் போ” என்றால் விட்டுக்கொடு. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பெற்றோர் தலையில் வைத்துவிடுகிறோம்.

தாங்கிக்கொள்வதுதான் பொறுமை என்று எடுத்துக்கொண்டவர் உள்ளே கொதித்துக்கொண்டு வெளியே சிரிப்பார். விட்டுக்கொடுப்பதுதான் என்று எடுத்துக்கொண்டவர் பிள்ளை கேட்டதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, ஒரு நாள் மொத்தமாக வெடிப்பார். இங்கே நான் பேசப்போவது முதல் அர்த்தத்தை. குழந்தை ஏதோ ஒன்று செய்கிறது; பதிலுக்கு நாம் ஏதோ ஒன்று செய்யப்போகிறோம். இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் நேரம் இருக்கிறதா, இல்லையா? அவ்வளவுதான் விஷயம். நிதானம் என்ற சொல் இதற்கு இன்னும் பொருந்தும். நிதானமானவர் “முடியாது” என்று சொல்லலாம், கண்டிக்கலாம், பொம்மையைப் பிடுங்கிக்கூட வைக்கலாம். என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்வார்.

## ஒரு பட்டன்

எட்டு பத்துக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். நான்கு வயது மகள், சட்டைப் பட்டனை நானேதான் போடுவேன் என்கிறாள். மேல் பட்டனை இரண்டாவது காஜாவில் நுழைக்கப் பார்க்கிறாள். நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்க்கிறது. இரண்டு விரலால் பட்டனைச் சாய்த்துத் தள்ளுகிறாள். பாதி நுழைந்து திரும்பி வந்துவிடுகிறது. மறுபடியும் சாய்க்கிறாள். மணி எட்டு ஏழு. “குடு, நான் போடுறேன்” என்று கையை நீட்டுகிறேன். தோளைத் திருப்பிக்கொள்கிறாள். அடுத்த நொடி வீட்டில் ஒரு குரல் கேட்கிறது, அது என்னுடையது. அவள் அழுகிறாள். அழுகையைச் சமாதானப்படுத்திக் கிளம்பும்போது எட்டு இருபது.

விட்டிருந்தால் எட்டு பன்னிரண்டுக்குக் கிளம்பியிருப்போம். அதைவிட என்னை உறுத்தியது ஞாயிற்றுக்கிழமைதான். அதே சட்டை, அதே பட்டன், அதே பிள்ளை. எதிரே உட்கார்ந்து பத்து நிமிடம் ரசித்துக்கொண்டிருந்தேன். ஞாயிறன்று எனக்குக் குணம் மாறிவிடவில்லையே. அப்படியானால் மாறியது என்ன?

## லாரிக்குப் பின்னால்

சாலையில் ஒரு லாரிக்குப் பின்னால் வண்டி ஓட்டுகிறீர்கள். நடுவே நான்கடிதான் இடைவெளி. லாரி சடாரென்று நிற்கிறது. உங்கள் பிரேக் நேற்றுத்தான் மாற்றியது, காலும் வேகமானது. இருந்தாலும் போய் இடிப்பீர்கள். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். இடித்துவிட்டு “இன்னும் அழுத்தி மிதித்திருக்கணும்” என்று நொந்துகொள்வதில் பயனில்லை. தள்ளி வந்திருக்க வேண்டும், மெதுவாக வந்திருக்க வேண்டும்.

கோபம் வந்த நொடியில் அதைப் பிடித்து நிறுத்தும் திறமைதான் பிரேக். எல்லோரிடமும் அது ஓரளவு இருக்கிறது. கோபம் வருவதற்கு முன்பே நாம் விட்டு வைத்திருக்கும் இடம்தான் இடைவெளி: கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது, இரவு எவ்வளவு தூங்கினோம், நான்கு வயதுக் குழந்தையிடம் எதை எதிர்பார்க்கிறோம் என்பதெல்லாம் அதில் சேரும். பொறுமை பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் பிரேக்கைப் பற்றியே பேசுகின்றன. என்னைக் கேட்டால் முக்கால்வாசி வேலை இடைவெளியில் இருக்கிறது.

## உள்ளே நடப்பது

ஒப்புமையை விட்டுவிட்டு இப்போது உடலுக்குள் போவோம்.

மூளையின் ஆழத்தில், பக்கத்துக்கு ஒன்றாக, பாதாம்பருப்பு வடிவத்தில் ஒரு சிறு பகுதி இருக்கிறது. அதன் பெயர் அமிக்டலா. “இது ஆபத்து” என்று மிக வேகமாக அடையாளம் கண்டு மணி அடிப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. வேகம்தான் அதன் பலம், துல்லியம் இல்லை. பாம்புக்கும் மணி அடிக்கும், பாம்பு மாதிரி கிடக்கும் கயிற்றுக்கும் அடிக்கும். தாமதமாகிவிடுமோ என்ற பதற்றத்தில் இருப்பவருக்கு, திரும்பிக்கொண்ட ஒரு சின்னத் தோளுக்கும் அடிக்கும்.

நெற்றிக்கு நேர் பின்னால் இருப்பது முன்நெற்றிப் புறணி. “இரு, யோசி, இதன் விளைவு என்ன?” என்று கேட்கும் பகுதி இது. லாரிக் கதையில் பிரேக் என்று சொன்னேனே, அது பெரும்பாலும் இதுதான்.

மணி அடித்தவுடன் உடல் சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகிறது. அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-லேயே இதை விவரித்திருக்கிறார். சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பியிலிருந்து அட்ரினலின் என்ற ஹார்மோன் சில நொடிகளில் ரத்தத்தில் கலக்கிறது. இதயம் வேகமெடுக்கிறது, தாடை இறுகுகிறது, குரல் உயர்கிறது. அதே சுரப்பியிலிருந்து கார்ட்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் நிதானமாக வந்து சேர்கிறது; அது உச்சத்தைத் தொட 20 முதல் 30 நிமிடம் ஆகும். காலையில் நடந்த சண்டை முடிந்து அரை மணி கழித்து, சம்பந்தமே இல்லாத ஒரு சின்ன விஷயத்துக்கு நாம் எரிந்துவிழுவதில் இதற்கும் பங்குண்டு. சண்டை முடிந்தது நமக்குத் தெரியும், ரத்தத்துக்கு இன்னும் தெரியாது.

இதில் பெரிய சங்கடம் ஒன்று இருக்கிறது. பதற்றம் கடுமையாகும்போது முன்நெற்றிப் புறணியின் வேலை தளர்ந்துபோகிறது. பிரேக் மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் பிரேக் பிடிக்காது. அதனால்தான் “அந்த நொடியில் கட்டுப்படுத்திக்கோ” என்ற அறிவுரை கேட்க நன்றாக இருந்தாலும் கைகொடுப்பதில்லை.

தூக்கம் கெட்டால் இது இன்னும் மோசம். 2007-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், சுமார் 35 மணி நேரம் தூங்காமல் இருந்தவர்களுக்கு மனதைக் கலக்கும் படங்களைக் காட்டினார்கள். நன்றாகத் தூங்கியவர்களைவிட அவர்களுடைய அமிக்டலா ஏறக்குறைய 60 சதவீதம் அதிகமாகக் கிளர்ந்தது. அமிக்டலாவுக்கும் முன்நெற்றிப் பகுதிக்கும் இடையிலான தொடர்பும் பலவீனமாக இருந்தது. கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு இதை யாரும் ஆய்வு நடத்திச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இரவில் நான்கு முறை எழுந்தவர் காலையில் சிடுசிடுப்பதைக் குணக்கேடு என்று பேசுகிறவர்களிடம் சொல்லிவைக்கலாம்.

சுருக்கமாக, இதுவரை: மணி அடிப்பது அமிக்டலா, பிரேக் பிடிப்பது முன்நெற்றிப் புறணி. பதற்றமும் தூக்கமின்மையும் மணியை உரக்க அடிக்க வைக்கின்றன, பிரேக்கைத் தளர்த்துகின்றன. ஆகவே மணி அடிப்பதற்கு முன்னால் செய்து வைப்பதே அதிகம் உதவும்.

## அவசரம் மனிதரை என்ன செய்யும்

இடைவெளியைத் தின்பவற்றில் முதல் இடம் அவசரத்துக்குத்தான். இதைக் காட்ட எனக்குப் பிடித்த ஆய்வு பிள்ளை வளர்ப்பைப் பற்றியதே அல்ல.

1973-ல் வெளியானது, செய்தவர்கள் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள். அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் பாதிரியார் பயிற்சிக்குப் படித்த மாணவர்கள் 40 பேரை எடுத்துக்கொண்டார்கள். பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிற்றுரை ஆற்ற வேண்டும். சிலருக்குக் கொடுத்த தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் என்ற பைபிள் கதை. சிலரிடம் “நிறைய நேரம் இருக்கிறது” என்றார்கள், சிலரிடம் “சரியான நேரம்தான்” என்றார்கள், சிலரிடம் “ஏற்கெனவே தாமதம், ஓடுங்கள்” என்றார்கள். போகும் வழியில் ஓர் ஆள் சுருண்டு உட்கார்ந்து இருமிக்கொண்டிருப்பார். அவர் ஏற்பாடு செய்யப்பட்ட ஆள்.

நேரம் இருந்தவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். நடுத்தர அவசரத்தில் 45 சதவீதம். ஓடிக்கொண்டிருந்தவர்களில் 10 சதவீதம். உதவி செய்வதைப் பற்றிப் பேசப்போகிறோமா, வேறு எதையாவது பேசப்போகிறோமா என்பது பெரிய வித்தியாசம் எதையும் உண்டாக்கவில்லை.

இதைப் படித்தபோது என் பட்டன் காலை ஞாபகம் வந்தது. நான் நல்ல அப்பாவா, கெட்ட அப்பாவா என்ற விசாரணையை நடத்திக்கொண்டிருந்தேன். பார்த்திருக்க வேண்டியது கடிகாரத்தை.

நேரம் ஏன் எப்போதும் போதாமல் போகிறது என்பதற்கும் ஒரு பெயர் இருக்கிறது: திட்டமிடல் பிழை. ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தைக் குறைத்தே மதிப்பிடுவோம், முன்பு பலமுறை அதிகம் ஆனது தெரிந்திருந்தாலும். டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் இருவரும் 1970-களின் இறுதியில் வைத்த பெயர் அது. நான் ஒரு வாரம் குறித்து வைத்துப் பார்த்தேன். மகள் எழுந்ததிலிருந்து வாசல் தாண்ட 25 நிமிடம் என்பது என் கணக்கு. நிஜத்தில் ஒரு நாள்கூட 40-க்குக் கீழே வரவில்லை. தினமும் 15 நிமிடக் கடனோடு பொழுதைத் தொடங்கிவிட்டு, அதை ஒரு நான்கு வயதுப் பிள்ளையிடம் வசூலித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

## குழந்தையின் கடிகாரம்

முன்நெற்றிப் புறணி முழுதாக முதிர்வது இருபதுகளின் நடுப்பகுதியில். நமக்கே சில நேரம் பிடிக்காத பிரேக், குழந்தைக்கு இன்னும் பொருத்தியே முடியவில்லை. “வேண்டுமென்றே செய்கிறாள்” என்று நாம் நினைப்பதில் பாதிக்கு மேல் நிறுத்த முடியாததுதான் என்பது என் எண்ணம். “இன்னும் அஞ்சு நிமிஷத்துல கிளம்பணும்” என்றால் நான்கு வயதில் சொல் புரியும், அளவு புரியாது. “இந்தப் படத்துக்குக் கலர் அடிச்சு முடிச்சதும் கிளம்பணும்” என்பது புரியும்.

இன்னொன்று, குழந்தை பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரம். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் வகுப்பறைகளில் இதை அளந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதற்குள் பதில் வராவிட்டால் மறுபடி கேட்டார்கள், அல்லது அடுத்த பிள்ளைக்குப் போனார்கள். அதை 3 நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன. வாய் திறக்காத பிள்ளைகளும் பேச ஆரம்பித்தார்கள்.

வீட்டில் சோதித்தேன். “செருப்பைப் போட்டுக்கோ” என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு மனதுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு. இந்த இடத்தில்தான் வழக்கமாக இரண்டாவது தடவை சொல்வேன். மூன்று, நான்கு. அவள் கையிலிருந்த பொம்மையின் கையை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். ஐந்து, ஆறு. ஏழு எண்ணும்போது பொம்மையைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்தாள். எட்டு. எழுந்து செருப்புப் பக்கம் போனாள். பொம்மையைப் பத்திரமாக உட்கார வைத்துவிட்டு வர அவளுக்கு எட்டு நொடி தேவைப்பட்டது. நான் இத்தனை நாள் இரண்டாவது நொடியிலேயே “காது கேக்கலையா?” என்று தொடங்கிவிடுகிற ஆள். தினமும் இது வேலை செய்யும் என்று சொல்லமாட்டேன். சில நாள் இருபது எண்ணியும் பொம்மைதான் ஜெயித்திருக்கிறது.

ஆக, அவசரம் நம் இடைவெளியைத் தின்கிறது. குழந்தையின் வேகத்தை நம் வேகமாக நினைத்துக்கொள்வது மிச்சத்தையும் தின்கிறது.

## கேட்டுக் கேட்டு நம்பிவிட்ட மூன்று

கோபத்தைக் கொட்டித் தீர்த்தால் தணியும் என்பது ஒன்று. கொதிகலனில் ஆவியை வெளியே விடுவதைப் போல நினைத்துக்கொள்கிறோம். மனிதர் கொதிகலன் இல்லை. 10,000-க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற 154 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு 2024-ல் வந்தது. உடலின் கிளர்ச்சியைத் தணிக்கும் மூச்சுப் பயிற்சி, தியானம், தசை தளர்த்தல் போன்றவை கோபத்தைக் குறைத்தன. கொட்டித் தீர்ப்பது குறைக்கவில்லை. தலையணையைக் குத்துவதால் தலையணைக்குத்தான் நஷ்டம்.

விழுங்கிவிட்டால் போதும் என்பது இரண்டாவது. உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸ் 1998-ல் செய்த சோதனையில், அருவருப்பூட்டும் காட்சியைப் பார்க்கும்போது முகத்தில் எதையும் காட்டாமல் இருக்கச் சொன்னார். முகம் அடங்கியது, உள்ளே உணர்ச்சி குறையவில்லை, உடலின் பதற்ற அறிகுறிகள் கூடின. காட்சியைத் தொடக்கத்திலேயே வேறு விதமாகப் பார்க்கச் சொன்னபோது அருவருப்பே குறைந்தது. “அடம் பிடிக்கிறாள்” என்பதை “பட்டன் அவளுக்குக் கஷ்டமாக இருக்கிறது” என்று முதலிலேயே பார்ப்பது இந்த வகை.

மூன்றாவது கொஞ்சம் சுவாரஸ்யமானது. மனக்கட்டுப்பாடு தொட்டித் தண்ணீர் மாதிரி, பயன்படுத்தப் பயன்படுத்தத் தீரும் என்பது. உளவியலாளர் ராய் பாமைஸ்டர் குழுவினர் 1998-ல் முன்வைத்தபோது இது பெரும் புகழ் பெற்றது. 2016-ல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து 2,000-க்கும் மேற்பட்டவர்களிடம் இப்படியொரு சோதனையைத் திரும்பச் செய்தன. விளைவு கிட்டத்தட்ட பூஜ்யம். களைப்பு பொய் என்று இதற்கு அர்த்தமில்லை, தூக்கத்தைப் பற்றித்தான் மேலே பார்த்தோமே. “ஆபீஸிலேயே பொறுமையெல்லாம் தீர்ந்துபோச்சு” என்று வீட்டில் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் யோசிக்கலாம்.

## சரி, என்னதான் செய்வது?

பெரும்பகுதியை மேலேயே சொல்லிவிட்டேன்: 15 நிமிடம் முன்னால் தொடங்குவது, தூங்குவது, ஒரு தடவை சொல்லிவிட்டுக் காத்திருப்பது. அந்த நொடிக்கென்று இரண்டு மட்டும்.

மூச்சை இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமாகத் துடிக்கும், விடும்போது மெதுவாகும். மூளையிலிருந்து நெஞ்சு, வயிறு வரை இறங்கும் வேகஸ் நரம்பு இதயத்துக்குக் கடிவாளம் மாதிரி. மூச்சை விடும்போது அந்தக் கடிவாளம் இறுகும். அதனால் “நன்றாக மூச்சை இழு” என்பதைவிட “நீளமாக மூச்சை விடு” என்பதே உருப்படியான அறிவுரை. நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட்டால் போதும். பத்து வரை எண்ணுவதிலும் குற்றமில்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணாத வரை.

அடுத்தது முன்கூட்டியே முடிவு செய்து வைப்பது. “இனிமேல் கத்தமாட்டேன்” என்ற உறுதிமொழி அந்த நொடியில் கைக்கு வராது. “இது நடந்தால், நான் இதைச் செய்வேன்” என்று நிகழ்வோடு செயலை முடிச்சுப் போட்டு வைப்பது வரும். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களிலிருந்து இந்த முடிச்சை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். என் முடிச்சு இது: அவள் “நானே” என்று சொன்னால், நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வேன். பார்க்க வகுப்பில் தண்டனை வாங்கியவன் மாதிரி இருக்கும், பரவாயில்லை.

இதெல்லாம் சாதாரண நாட்களுக்கு. கை ஓங்குவது வழக்கமாகிறது, நாள்கணக்கில் எதிலும் பிடிப்பில்லை, குழந்தை தூங்கினாலும் தூக்கம் வரவில்லை என்றால் அது பொறுமைப் பிரச்சினை இல்லை. மருத்துவரைப் பார்க்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது.

## இடித்துவிட்ட பிறகு

எவ்வளவு தள்ளிப் போனாலும் ஒரு நாள் இடிக்கும். அப்போது என்ன செய்கிறோம் என்பதைப் பற்றிப் பேச்சே வருவதில்லை.

எட்வர்ட் ட்ரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-களில், கைக்குழந்தையோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்த தாய் சட்டென்று முகத்தை அசைவில்லாமல் வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று பார்த்தார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், கடைசியில் தவித்துப்போய் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இந்தச் சோதனை பலருக்கும் தெரியும். அவரது தொடர் ஆய்வுகள் காட்டிய மற்றொன்றைத்தான் நான் பிடித்துக்கொண்டேன்: நன்றாகப் போகும் உறவிலும் தாயும் குழந்தையும் நிறைய நேரம் ஒருவருக்கொருவர் ஒத்துப்போவதில்லை. விலகுகிறார்கள், மறுபடி வந்து சேர்கிறார்கள். இப்படி வந்து சேர்வதைச் சரிசெய்தல் என்கிறார்கள். குழந்தை பழகிக்கொள்வது அதைத்தான். இங்கிலாந்தின் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வினிகாட் 1950-களிலேயே, தாய் குறையில்லாதவளாக இருக்கத் தேவையில்லை, போதிய அளவு நல்லவளாக இருந்தால் போதும் என்று எழுதியிருக்கிறார். தந்தைக்கும் அந்தச் சலுகை உண்டு என்று நானாக எடுத்துக்கொண்டேன்.

சரிசெய்வது சின்னதாக இருந்தால் நல்லது. நடந்ததைச் சொல்லி, தவறு என்னுடையது என்று சொல்லி, “ஆனா நீயும்…” என்று தொடங்காமல் நிறுத்த வேண்டும். அன்று சாயங்காலம் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, “காலையில அப்பா கத்துனது தப்பு. நீ பட்டன் போட்டது தப்பில்ல” என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அந்த ஓட்டை சின்னதா இருக்குப்பா” என்றாள்.

மறுநாள் 15 நிமிடம் முன்னால் எழுந்தோம். “நானே” என்றாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். கீழிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வந்தாள். முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது சட்டை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது, மேலே ஒரு பட்டன் காஜா இல்லாமல் அநாதையாக நின்றது. அப்படியே கிளம்பினோம். மணி எட்டு எட்டு.